ஹார்லனின் இருமலும் ஒரு தூசி உறிஞ்சியும்

என் கணவர் ஹார்லன் பொய் சொல்ல மாட்டார். ஆனால் உண்மையையும் அவ்வளவு சுலபத்தில் சொல்லிவிட மாட்டார். இரண்டுக்கும் நடுவில் "பரவால்ல, அவ்வளவு மோசமில்ல" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. மனுஷன் அதிலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறார். டெலிபோன் கம்பெனியில் கம்பம் ஏறுகிற வேலையில் இருந்தபோது ஒருமுறை கீழே விழுந்து, கால் ஒரு பக்கமும் பாதம் ஒரு பக்கமுமாகக் கிடந்தார். ஆம்புலன்ஸில் வந்த பெண் "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கும் இதே பதில்தான். மின்னசோட்டாவில் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான். நானும் இதே ஊரில் பிறந்தவள்தான், ஆனாலும் எனக்கு வாய் அடங்காது. லவோன் இருக்கிற வீட்டில் ரேடியோ எதற்கு என்று என் அப்பாவே கேட்பார்.

அந்த வருஷம் இலை உதிரத் தொடங்கிய நாட்களில் ஹார்லனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. முதலில் தொண்டையைச் செருமுகிற மாதிரி இருந்தது. பிறகு வறட்டு இருமலாக மாறியது. பிறகு சாப்பிடும்போது முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமுகிற இருமலாக வளர்ந்தது. இருமி முடித்து மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு விசில் சத்தம் வரும். அதைக் கேட்டதும் நானும் என் முள்கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன்.

"என்ன ஹார்லன் இது?"

"ஒண்ணுமில்ல. பரவால்ல."

ஒன்றுமில்லாமல் விசில் எங்கிருந்து வரும்? காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். அது எங்கள் காலுக்கு அடியிலேயே இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஹார்லன் பேஸ்மென்ட்டை மரப்பட்டறையாக மாற்றிவிட்டார். மேஜை ரம்பம், மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் மெஷின், கடைசல் மெஷின் என்று ஒவ்வொன்றாகப் படியிறங்கின. பறவைக்கு வீடு, ரொட்டிக்குப் பெட்டி, எங்கள் லூத்தரன் சர்ச்சின் விற்பனைக்காக லெஃப்சே என்கிற மெல்லிய ரொட்டியைத் திருப்புகிற நீளக் குச்சிகள், எல்லாம் செய்வார். காலையில் காபியோடு கீழே போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் மேலே வருவார். குடும்ப அமைதிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்று நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

ஆனால் மரத்தூளுக்குக் கீழ்வீடு மேல்வீடு என்ற வித்தியாசம் தெரியாது. எங்கள் வீட்டுக்குச் சூடு கொடுக்கிற அடுப்பு பேஸ்மென்ட்டில்தான் இருக்கிறது. குளிர் வந்ததும் அதைப் போட்டால், கீழே இருக்கிற காற்றை இழுத்துச் சுட வைத்துக் குழாய் வழியாக எல்லா அறைக்கும் அனுப்பும். கூடவே ஹார்லன் அன்றைக்கு அறுத்த மரத்தையும் அனுப்பும். பியானோ மேல் தூள், தலையணை மேல் தூள். ஒருநாள் வெண்ணெய்த் தட்டைத் திறந்தேன், அதிலும் மெல்லிசாக ஒரு படலம்.

"வெண்ணெயில வால்நட் மரம் கிடக்கு, பாரு!" என்று தட்டை நீட்டினேன்.

ஹார்லன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். "வால்நட் இல்ல. இது மேப்பிள்."

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனது நான்தான். டாக்டர் ஷியோங் சின்னப் பெண், கண்டிப்பானவள். ஹார்லனின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டாள். ஒரு குழாயில் ஊதச் சொன்னாள். அவர் ஊதியதைப் பார்த்தால் பிறந்தநாள் கேக்கில் ஒரு மெழுகுவத்திகூட அணைந்திருக்காது.

"எப்பலேர்ந்து இருமல் இருக்கு?" என்று ஹார்லனைக் கேட்டாள்.

"செப்டம்பர்லேர்ந்து" என்றேன் நான்.

"வீட்ல எப்போ அதிகமா வருது?"

"எப்பவும்தான் டாக்டர். பேஸ்மென்ட்ல பட்டறை வெச்சிருக்காரு. மரத்தூளு. வெண்ணெயில எல்லாம் மரத்தூளு."

டாக்டர் ஹார்லனைப் பார்த்தாள். "வேற ஏதாவது தூசி, புகை, நாய் பூனை?"

ஹார்லன் வாயைத் திறந்தார். "நாயும் இல்ல பூனையும் இல்ல" என்றேன் நான். ஹார்லன் வாயை மூடிக்கொண்டார்.

"சரி" என்றாள் டாக்டர். "தூசிக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா பட்டறையை மூடுங்க. இது இப்படியே போனா நுரையீரல் கெட்டுப்போயிடும், அப்புறம் திருப்பிக் கொண்டுவர முடியாது. நான் பயமுறுத்தறதுக்காகச் சொல்லல."

பயமுறுத்துவதற்காகச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். வீடு திரும்பும்போது காரில் ஹார்லன் சோயாபீன்ஸ் அறுவடையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்த்து அவருக்கே கவலையாகிவிட்டது போலிருக்கிறது, இரண்டு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அந்த வாரமே கடைக்குப் போனோம். கூட மெர்ல் வந்தார். மெர்ல் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், அவர் கராஜிலும் ஒரு பட்டறை உண்டு. அடுத்தவர் பணத்தில் நல்ல சாமான் வாங்குவதென்றால் மெர்லுக்குத் தூக்கத்தில்கூட விழிப்பு வரும். கடையின் நடுவில், மற்ற மெஷின்களெல்லாம் தரையில் கிடக்க, அது மட்டும் ஒரு மேடையில் நின்றது. தூசி உறிஞ்சி. பெரிய பெட்டி மாதிரி, சக்கரம் வைத்து, கழுத்தில் மலைப்பாம்பு போல ஒரு குழாயைச் சுற்றிக்கொண்டு இருந்தது. ரம்பத்தைப் போட்டால் அதுவாகவே ஓட ஆரம்பிக்குமாம். ரம்பத்தை நிறுத்தினால், குழாயில் மிச்சமிருப்பதையும் இழுத்து முடித்துவிட்டு அதுவாகவே நிற்குமாம். கண்ணுக்குத் தெரியாத தூளைக்கூட ஃபில்டர் விடாதாம்.

"வாங்கினா இதை வாங்கணும்ப்பா" என்று மெர்ல் அதன் தலையைத் தடவினார். "மத்ததெல்லாம் தூசியை இந்தப் பக்கம் இழுத்து அந்தப் பக்கம் ஊதும்."

ஹார்லன் விலைச்சீட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "நம்ம மாதிரி ஆளுங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? வேணாம்."

"வேணும்" என்றேன்.

"அந்தச் சின்னதே போதும். இது வேணாம்."

"உன் நுரையீரலுக்குத் தள்ளுபடியில எதுவும் வேணாம். இதையே எடு."

"வேணாம் லவோன்."

எங்கள் ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் மூன்று தடவை வேண்டாம் என்பது மரியாதை. காபியாக இருந்தாலும் சரி, கிட்னியாக இருந்தாலும் சரி. மூன்றாவது வேண்டாமுக்குப் பிறகு "சரி, உங்களுக்குச் சிரமமில்லன்னா" என்று வாங்கிக்கொள்வார்கள். அதனால் நான் பர்ஸைத் திறந்தேன். அப்போது ஹார்லன் என் கையைப் பிடித்து நான்காவது தடவையாக, "நெஜமாவே வேணாம்" என்றார். கஞ்சத்தனம் என்றுதான் நினைத்தேன். கடைப்பையனிடம், "வண்டியில ஏத்துப்பா" என்றேன்.

வீட்டுக்கு வந்தபின் ஹார்லன் அந்த மெஷின் மேல் மையல் கொண்டுவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜ் ஓடுகிற அளவுக்குத்தான் சத்தம். ரம்பத்தின் வாயிலிருந்து ஒரு பொடி வெளியே வராது. பட்டறைத் தரையில் சாக்ஸோடு நடந்து காட்டினார். மெர்ல் தன் வீட்டிலிருந்து மரத்துண்டு எடுத்துக்கொண்டு வந்து, "இதை உறிஞ்சுதா பாப்போம்" என்று அறுத்துப் பார்த்துவிட்டுப் போவார். இரண்டு கிழவர்களும் அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அது தானாக நிற்கிற அழகைப் பார்த்துக்கொண்டிருப்பதை நானே பார்த்தேன். வெண்ணெய் மறுபடி வெண்ணெயாக ஆனது. பியானோவை விரலால் தடவினால் விரல் சுத்தமாக இருந்தது.

இருமல் மட்டும் அப்படியே இருந்தது.

முதல் வாரம், பழைய தூசி வெளியே வருகிறது என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாவது வாரம் சமாதானம் எதுவும் கிடைக்கவில்லை. அப்போது எனக்கு மூச்சு விட நேரமில்லாத வேலை வேறு. நவம்பரில் எங்கள் சர்ச்சில் லெஃப்சே விற்பனை, அதற்குச் செப்டம்பரிலேயே சுட்டு ஃப்ரீசரில் சேர்க்க ஆரம்பித்துவிடுவேன். உருளைக்கிழங்கை மசித்து, மாவு சேர்த்துப் பிசைந்து, மாவைத் தூவித் தூவித் துணி மாதிரி மெல்லிசாகத் தேய்த்துப் பெரிய வட்டக் கல்லில் சுடுகிற ரொட்டி. அடியில் வைத்த செய்தித்தாளைப் படிக்கிற அளவுக்கு மெல்லிசாகத் தேய்க்கத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இரண்டு பேர். ஒருத்தி ஆர்டிஸ், சர்ச் விற்பனைக்குத் தலைவி. இன்னொருத்தி நான். மனசு விட்டுச் சொன்னால், நான் மட்டும்தான். வாரத்தில் பாதி நாள் காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை என் சமையலறையில் வெள்ளை மேகம்தான். நான் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையிலிருந்து ஹார்லனின் இருமல் கேட்கும். ஒவ்வொரு இருமலுக்கும் அந்த மெஷினைத் திட்டுவேன்.

கடைக்கு போன் போட்டுக் கத்தினேன். கடைக்காரன் ஃபில்டரைப் பாருங்கள் என்றான். ஃபில்டர் பளிங்கு மாதிரி இருந்தது. கடைசியில் ஒருநாள் சாப்பாட்டின்போது ஹார்லன் இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"போதும்" என்றேன். "இவ்வளவு உசத்தியான மெஷினுக்கே அடங்கலன்னா அந்தத் தூசிக்கு வேற வழி கிடையாது. பட்டறையைக் காலி பண்ணிடலாம். ஆர்டிஸோட மருமகன் ரம்பம் கேட்டுட்டிருந்தான். சனிக்கிழமை வரச் சொல்றேன்."

சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன்.

"சரி" என்றார்.

"சரியா?"

"நீ சொன்னா சரிதான். வரச் சொல்லு."

மறுநாள் கீழே போய்ப் பார்த்தேன். வாங்க வருகிறவனுக்காக ரம்ப மேஜைக்கு மெழுகு பூசித் தேய்த்துக்கொண்டிருந்தார். இரும்பில் முகம் தெரிந்தது. நான் படியிலேயே நின்று, சத்தம் காட்டாமல் மேலே வந்து, கழுவித் துடைத்த பாத்திரத்தை மறுபடி கழுவினேன். அழுகை வந்தது. யார் மேல் என்று தெரியாமல் கோபமும் வந்தது. ஒரு மனுஷனிடமிருந்து அவனுக்குப் பிடித்த ஒரே பொருளைப் பிடுங்குகிறோம், அவனோ அதைத் துடைத்துக் கொடுக்கிறான்.

வெள்ளிக்கிழமை மெர்ல் வந்தார். கையில் சோப்புப்பெட்டி அளவில் ஒரு கருவி இருந்தது. "காத்துல எவ்வளவு தூசி இருக்குன்னு இது சொல்லும் லவோன். விக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடலாமே. மெஷின்ல கோளாறுன்னா கடைக்காரன் திருப்பி எடுத்துப்பான்."

எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்தது. கடைக்காரனின் முகத்தில் அந்த எண்ணை விட்டெறியலாம் அல்லவா! தேய்த்துக்கொண்டிருந்த லெஃப்சேயை அப்படியே விட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். ஹார்லன் ஒரு பலகையை அறுத்தார். மெஷின் தானாக எழுந்து வேலையைப் பார்த்தது. கருவியின் முகப்பில் பச்சை விளக்கு. எண் ஏறவில்லை. தேய்க்கிற மெஷினைப் போட்டார். அப்போதும் பச்சைதான்.

"இங்க ஆபரேஷனே பண்ணலாம் போலிருக்கே" என்றார் மெர்ல்.

"மேல கொண்டு போய்ப் பாக்கலாம்" என்றேன் நான். "குழாய் வழியாத்தானே தூசி மேல வருது."

"வேணாம் லவோன், விடு" என்றார் ஹார்லன். அதற்குள் நான் படியேறிவிட்டேன். படுக்கையறை, பச்சை. முன்னறை, பச்சையிலிருந்து மஞ்சள். சமையலறை வாசலில் கால் வைத்தேன். கருவி சிவந்து, கதறத் தொடங்கியது. எண்கள் மேலே போன வேகத்தில் முகப்பில் இடம் போதவில்லை.

"உடைஞ்சு போச்சு" என்றேன். கருவியைத் தட்டினேன். ஏப்ரனில் துடைத்தேன். ஏப்ரனிலிருந்து எழும்பிய மாவில் அது இன்னும் பலமாகக் கதறியது. வெளி வராந்தாவுக்குக் கொண்டுபோனேன், வாயை மூடிக்கொண்டது. சமையலறைக்குள் கொண்டுவந்தேன், மறுபடி ஆரம்பித்தது. ஜன்னல் வழியாக வெயில் விழுந்த இடத்தில் பார்த்தேன். என் மாவு காற்றில் மிதந்துகொண்டிருந்தது. மேஜைமேல், கல்மேல், திரைச்சீலையில், எங்கும் மாவு.

திரும்பிப் பார்த்தேன். ஆச்சரியப்பட வேண்டிய ஹார்லன் ஆச்சரியப்படவில்லை. திரைச்சீலையின் பூப்போட்ட கரையை இன்றைக்குத்தான் முதன்முதலில் பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

மெர்ல் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "சரி, அப்போ நான் கிளம்பறேன்" என்றார். மெர்ல் எங்கள் வீட்டிலிருந்து கிளம்புவதென்றால் வாசலில் அரை மணி, காருக்குப் பக்கத்தில் அரை மணி, கண்ணாடியை இறக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் என்று ஆகும். அன்றைக்குக் கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்டது. கருவியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஆக, மெர்லுக்கும் தெரியும்.

"உனக்குத் தெரியும்" என்றேன்.

"என்ன தெரியும்?"

"ஹார்லன்!"

"சந்தேகமா இருந்துச்சு" என்றார் திரைச்சீலையிடம். "அவ்வளவுதான்."

"எப்பலேர்ந்து?"

"போன வருஷம் லெஃப்சே சமயத்துலயும் லேசா வந்துச்சு. விற்பனை முடிஞ்சதும் நின்னுபோச்சு. கோடைல நாள் பூரா பட்டறைலதான் இருந்தேன். ஒண்ணுமே இல்ல."

"இதை டாக்டர்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நீ பேசிட்டிருந்த."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "சரி, கடையில சொல்லியிருக்கலாமே? அந்த மெஷினை வாங்கறதுக்கு முன்னாடி?"

"வேணாம்னு சொன்னேனே. நாலு தடவை சொன்னேன்."

"அதுக்கு அதுவா அர்த்தம்? யோவ், ஒரு வாக்கியம் சொல்றதுக்குப் பயந்து கடையிலேயே உசத்தியான மெஷினை வாங்கின ஆள் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்!"

"நல்ல மெஷின்தான்" என்றார் ஹார்லன்.

"ரம்பத்தை விக்கறேன்னு சொன்னப்போ? அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே? சரின்னு சொல்லி மெழுகு பூசிட்டிருக்க! நுரையீரல் போயிடும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே, காதுல விழலையா?"

அவர் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. நான் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வெளியே ஏரிக்காற்று சில்லென்று அடித்தது. கோட்டு இல்லாமல் இருவரும் நின்றோம். மூச்சு சீராக வெகுநேரம் ஆயிற்று. பிறகு, என்னைப் பார்க்காமல், மெர்ல் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"லெஃப்சே தேய்க்கும்போது நீ பாடுவ. மத்த நாள்ல பாடறதில்ல."

பாடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. கல்யாணம் ஆனதிலிருந்து இந்த மனுஷன் வாயைத் திறக்க வேண்டும் என்று கத்திக்கொண்டிருக்கிறேன். திறந்தபோது எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வார்த்தை. "மடையா" என்றேன். பிறகு அவர் சட்டையில் முகத்தைப் புதைத்தேன். உடனே அவர் இருமினார். என் தலைமுடியெல்லாம் மாவு.

ஆர்டிஸின் மருமகனுக்கு போன் செய்து, ரம்பம் விற்பனைக்கு இல்லை என்றேன். டாக்டர் ஷியோங்கிடம் மறுபடி போனோம். இந்த முறை நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அது என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியங்களில் ஒன்று. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க ஹார்லனின் கையில் வரிசையாகக் குத்திப் பார்த்தார்களாம். மேப்பிள், வால்நட், ஓக் எல்லாம் சும்மா இருந்தன. கோதுமை மாவு வைத்த இடம் மட்டும் ரொட்டி மாதிரி உப்பிவிட்டது. ரொட்டிக்கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இது வருவது உண்டு என்று, பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டு டாக்டர் சொன்னாள். மாவு சமைத்துத் தின்றால் ஒன்றுமில்லை, மூச்சில் போகக் கூடாது, அவ்வளவுதான். இப்போதே நிறுத்தினால் நெஞ்சு தேறிவிடும் என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எங்கள் ஊரில் அப்படியெல்லாம் செய்ய மாட்டோம் என்பதால், "பரவால்ல டாக்டர், நல்ல செய்தி" என்று கையை மட்டும் குலுக்கினேன்.

"நான் லெஃப்சேயை நிறுத்திடறேன்" என்று காரில் சொன்னேன்.

"வேணாம்" என்றார்.

"நெஜமாத்தான் சொல்றேன்."

"நானும் நெஜமாத்தான் சொல்றேன். வேணாம்."

இனி இந்த வீட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம், பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, மனசில் இருப்பதை அப்படியே சொல்லிவிட வேண்டும் என்று அந்தக் காரிலேயே சட்டம் போட்டேன். ஹார்லன் தலையாட்டினார். யோசனை எனக்கு வந்தது வீட்டு வாசலில். உலகத்திலேயே உசத்தியான தூசி உறிஞ்சி எங்கள் பேஸ்மென்ட்டில் சும்மா நிற்கிறது. மாவும் தூசிதானே!

என் பலகையையும் வட்டக் கல்லையும் கீழே இறக்கினோம். மரவேலைக்கு இருந்த குழாயைக் கழற்றிப் புதுக் குழாய் மாட்டினோம், மேலே காற்று போகிற துவாரத்தை அடைத்தோம். ஹார்லன் பலகையின் பின்பக்கம் நீள வாய் வைத்து ஒரு மரப்பெட்டி செய்தார். தூவிய மாவு எழும்பினால் அப்படியே அந்த வாய்க்குள் போய்விடும். சேதி கேட்டு ஆர்டிஸ் நேரிலேயே வந்தாள். பட்டறையைச் சுற்றிப் பார்த்தாள். ரம்பத்தைப் பார்த்தாள், ரம்பத்துக்குப் பக்கத்தில் லெஃப்சே மாவைப் பார்த்தாள்.

"இது கொஞ்சம் வித்தியாசமா இருக்கு" என்றாள்.

எங்கள் ஊரில் இதைவிடக் கடுமையான வசவு கிடையாது. நான் தூசிக் கருவியை அவள் மூக்குக்கு நேராக நீட்டினேன். "பச்சையைப் பாரு ஆர்டிஸ். உன் சர்ச் சமையலறைக்கு இதைக் கொண்டு வரட்டுமா?" அவள் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டாள், ஆனால் போகவில்லை.

ஹார்லன் முகமூடி மாட்டிக்கொண்டு பேஸ்மென்ட் படியின் உச்சியில் உட்கார்ந்தார். நான் முதல் உருண்டையை எடுத்துத் தேய்த்தேன். என்றைக்கும் இல்லாத அளவுக்கு மெல்லிசாக வந்தது. ஆர்டிஸ் பார்க்கிறாள் என்று வேண்டுமென்றே இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தேன். குச்சியை அடியில் விட்டு, சுழற்றித் தூக்கினேன். மெஷின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. என் ஆயுளிலேயே மிக மெல்லிய லெஃப்சே குச்சியிலிருந்து கழன்று, கைக்குட்டை மாதிரி ஒரு முறை படபடத்து, 'ஃபளப்' என்று மரப்பெட்டியின் வாய்க்குள் போய்விட்டது.

"வேகத்தைக் குறை!" என்று படியிலிருந்து முகமூடிக்குள்ளே ஹார்லன் கத்தினார். "குமிழைத் திருப்பு லவோன், குமிழை!"

குமிழ் எது என்று தேடுவதற்குள் மெஷின் குச்சியையும் பிடித்துக்கொண்டது. நான் ஒரு பக்கம் இழுக்க, அது ஒரு பக்கம் இழுக்க, ஆர்டிஸ் என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். இத்தனை வருஷத்தில் ஆர்டிஸ் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அவள் சிரித்ததையும் அன்றுதான் பார்த்தேன். குமிழைக் கால்வாசியில் வைத்தபின் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மத்தியானத்துக்குள் அவளும் ஏப்ரன் கட்டிக்கொண்டு எனக்கு எதிரில் நின்று தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். நான் பாடினேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. படியின் உச்சியிலிருந்து யாரும் எழுந்து போகவில்லை.

விற்பனை நல்லபடி நடந்தது. இரண்டு வாரத்தில் விசில் நின்றது. மூன்றாவது வாரம் இருமலும் நின்றது. தாங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்று எங்கள் இருவருக்காக நான் எடுத்து வைத்திருந்த லெஃப்சேயில் வெண்ணெய் தடவி, சர்க்கரை தூவிச் சுருட்டி, தட்டு நிறைய அடுக்கி ஹார்லன் முன்னால் வைத்தேன்.

"தின்னு. தின்னா ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரே சொல்லியாச்சு."

ஹார்லன் ஒன்றை எடுத்தார். பார்த்தார். தட்டிலேயே திரும்ப வைத்தார். நெற்றி வியர்த்தது. கம்பத்திலிருந்து விழுந்தபோதுகூட அந்த முகத்தில் இவ்வளவு பயத்தை நான் பார்த்ததில்லை.

"லவோன், மனசுல இருக்கறத சொல்லணும்னு சொன்னல்ல?"

"ஆமா. சொல்லு."

"எனக்கு லெஃப்சே பிடிக்காது."

வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தேன். "எப்பலேர்ந்து?" என்றேன்.

"முதல்லேர்ந்தே. உங்க வீட்டுக்கு முதல் தடவை வந்தப்போ உங்கம்மா வெச்சாங்க. மூணு தடவை வேணாம்னேன். அப்புறம் நீ பாத்துட்டிருந்த."

அன்றிலிருந்து எத்தனை நவம்பர்! ஒவ்வொரு நவம்பரிலும் தட்டு நிறைய வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தட்டையும் இந்த மனுஷன் காலி செய்திருக்கிறார், இன்னும் ஒன்று வைக்கட்டுமா என்று கேட்டால் அதற்கும் தலையாட்டியிருக்கிறார். கத்த வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. சிரித்துச் சிரித்து மேஜையில் தலையை வைத்துக்கொண்டேன், அதன் பிறகு வந்தது சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. ஹார்லன் எழுந்து வந்து என் முதுகில் கையை வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டு, அவருக்கு இரண்டு துண்டு ரொட்டியை வாட்டி சீஸ் வைத்துக் கொடுத்தேன். "நல்லாருக்கு" என்று ஆசையாகத் தின்றார், ஒரு தடவைகூட இருமாமல். நான் எதிரில் உட்கார்ந்து எல்லா லெஃப்சேயையும் நானே தின்றேன்.